இதழியல் கற்க எந்தக் கல்லூரி?



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலங்களில் பெற்றோர் பலர் பங்குக் குருக்களிடமும் ஆசிரியர்களிடமும் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. வைத்தியம், பொறியியல், கணக்கியல் பற்றிக் கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்ல ஊரில் பலர் இருக்கின்றனர். ஆனால், "பிள்ளைக்கு எழுத்தில் நல்ல விருப்பம். பத்திரிகைத் துறையில் இரண்டு வருடப் பட்டப்படிப்பு என்று விளம்பரம் பார்த்தோம். சேர்க்கலாமா?" என்று கேட்கும் தாய் தகப்பனுக்குத் தெளிவாக வழி காட்டுவோர் குறைவு. விளம்பரம் கொடுத்தவரே ஆலோசகராகவும் அமைந்துவிடுகிறார். இரண்டு வருடங்கள் கழிந்து, அடைவு வைத்த நகையும் மீளாமல், கையில் உள்ள சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காமல் பிள்ளை வீட்டில் இருக்கும்போதுதான் உண்மை தெரிய வருகிறது. இது நேராதிருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இவ்வாரம் ஒரு பாடமாக ஆராய்வோம்.

சொல்ல விரும்புவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதழியற் கல்லூரி ஒன்றின் தரத்தை அதன் கட்டடமோ, கமராக்களின் எண்ணிக்கையோ, பட்டமளிப்பு விழாப் படங்களோ காட்டமாட்டா. அங்கே படிக்கும் மாணவன் மாதத்திற்கு எத்தனை செய்திகள் எழுதுகிறான்? அவற்றை யார் வாசித்துத் திருத்துகிறார்? திருத்திய பின் அவை எங்கே வெளியாகின்றன? இந்த மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் தரக்கூடிய கல்லூரியே நல்ல கல்லூரி. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதை விளங்கிக்கொள்ள, இத்தொழில் மனிதனிடம் எதைக் கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இத்தொழில் கேட்பது என்ன?

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தனர் என்று ஒரு கதை பரப்பப்பட்டது. திருகோணமலையில் நிருபராக இருந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வெளியாயின. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை அப்படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு முன், 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய சகோதரர்கள் வேறு பலரும் இந்த நாட்டில் இவ்வாறே உயிரிழந்துள்ளனர்.

இவர்களின் துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் துணிவோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பிறர் சொன்னதைக் கேட்டு எழுதாமல், போய்ப் பார்த்து, ஆதாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுதும் பழக்கமே அது. துணிவு இறைவன் தரும் கொடை. பழக்கமோ பயிற்சியினால் வருவது. கல்லூரி தரக்கூடியது இந்தப் பழக்கத்தைத்தான்.

இன்னுமோர் உதாரணம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்த வாரத்தில் இறந்தோரின் தொகை 359 என்று அதிகாரிகள் அறிவித்தனர். ஏப்ரல் 25ஆம் திகதி சுகாதார அமைச்சு அதனை ஏறத்தாழ 253 என்று திருத்தியது. நூற்றுக்கு மேற்பட்ட வேறுபாடு! அதே நாளில் பொலிசார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டபோது, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, இச்சம்பவத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு மாணவியின் படமும் அவற்றுள் சேர்ந்துவிட்டது. தவறு என்று பின்னர் அவர்களே ஒப்புக்கொண்டனர். ஆனால் அதற்கிடையில் அந்தப் படம் உலகமெங்கும் போய்விட்டது.

அதிகாரபூர்வமான அறிவித்தல் என்பதற்காக ஒன்று தவறாதிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வாரத்தில் செய்தி எழுதியவர்களில், தொகையை யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று குறிப்பிட்டு எழுதியவர் பின்னர் வெட்கப்பட வேண்டி வரவில்லை. தொகை திருத்தப்பட்டதும் தமது செய்தியையும் உடனே திருத்தியவர் வாசகருக்கு நன்மை செய்தார். அழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கும் அது ஒரு மரியாதை. இவ்வாறு எழுதவும் திருத்தவும் விரிவுரையைக் கேட்பதால் மட்டும் எவருக்கும் வந்துவிடாது. மரவேலை பழகுபவன் உளியைப் பிடித்தே பழகுவதுபோல, செய்தி எழுதுபவன் எழுதி, திருத்தம் வாங்கி, மீண்டும் எழுதியே பழகுகிறான். மாணவன் எழுதுவதை யார் திருத்துகிறார் என்ற கேள்வியை நாம் முன்வைப்பது இதனாலேயே.

இரண்டு வருடப் 'பட்டம்' என்பது என்ன?

அடுத்து, விளம்பரங்களில் வரும் 'இரண்டு வருடப் பட்டம்' என்ற சொல்லை ஆராய்வோம். இங்கேதான் பலர் வழி தவறுகின்றனர்.

நமது நாட்டில் உயர்கல்வித் தகைமைகள் யாவும் இலங்கைத் தகைமைச் சட்டகம் என்னும் ஏணியில் படிப்படியாக அடுக்கப்பட்டுள்ளன. அதில் 12 நிலைகள் உண்டு. படிப்பின் அளவு 'கிரெடிட்' என்னும் அலகினால் கணக்கிடப்படுகிறது. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, பயிற்சி, சுயபடிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றல். முழுநேரமாக ஒரு வருடம் படித்தால் 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலங்கள். உயர்தரத்திற்குப் பின் 30 கிரெடிட் பெற்றவருக்கு டிப்ளோமா. அது 3ஆம் நிலை. 60 கிரெடிட் பெற்றவருக்கு உயர் டிப்ளோமா. அது 4ஆம் நிலை. 90 கிரெடிட் பெற்றவருக்கே இளமாணிப் பட்டம். அது 5ஆம் நிலை. சிறப்புப் பட்டத்திற்கு 120 கிரெடிட் வேண்டும். அது 6ஆம் நிலை.

இந்தக் கணக்கைப் பிள்ளையும் பெற்றோரும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். உயர்தரத்திற்குப் பின் இரண்டு வருடம் படித்தால் இந்நாட்டு முறைப்படி கிடைப்பது உயர் டிப்ளோமா. அதைப் பட்டம் என்று அழைப்பது சரியன்று. உயர் டிப்ளோமா தாழ்வான தகைமை என்பதல்ல நமது கருத்து. நல்ல இடத்தில் பெற்ற உயர் டிப்ளோமா, நல்ல செய்தியாளர் ஒருவரை உருவாக்கப் போதுமானது. ஆனால் உயர் டிப்ளோமாவைப் பட்டம் என்று பெயரிட்டு விற்கும் நிறுவனம், முதல் நாளிலேயே உண்மைக்கு மாறாகப் பேசுகிறது. உண்மையை எழுதக் கற்பிக்க வேண்டிய இடம் தன்னைப் பற்றியே உண்மை சொல்லாவிட்டால், அங்கே பிள்ளை கற்கப்போவது என்ன?

வெளிநாடுகளில் சொற்கள் மாறுபடும். அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகள் இரண்டு வருட முடிவில், சுமார் 60 கிரெடிட்டுக்கு, 'அசோசியேட்' பட்டம் என்று ஒன்றை வழங்குகின்றன. அதை முடித்தவர் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாறி மேலும் இரண்டு வருடம் படித்து இளமாணியாகலாம். அந்தப் பல்கலைக்கழகம் முன்னைய கிரெடிட்டுகளை ஏற்றுக்கொண்டால் மட்டுமே இது நடக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கல்லூரிகளில் இரண்டு வருடப் படிப்புக்கு டிப்ளோமா என்ற பெயரே வழங்குகிறது. அங்குள்ள உறவினர் அனுப்பும் விபரங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இரண்டு வருடத்தில் உண்மையான இதழியற் பட்டம் கிடையாதா? உண்டு. அது முதுமாணிப் பட்டம். முதற் பட்டத்தை வேறு எந்தப் பாடத்தில் பெற்றவரும், இந்தியப் பல்கலைக்கழகங்களில் இரண்டு வருடம் படித்து இதழியலில் முதுகலைப் பட்டம் பெறலாம். ஆகவே தமிழில், பொருளியலில், வரலாற்றில், விஞ்ஞானத்தில் முதற் பட்டம் முடித்த நம் இளைஞர்களுக்கு இது நல்ல வழி. பொருளியல் தெரிந்தவர் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி எழுதும்போதும், சட்டம் தெரிந்தவர் நீதிமன்றச் செய்தி எழுதும்போதும் வாசகர் அடையும் பயன் பெரிது.

எங்கே கற்கலாம்?

உள்நாட்டில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழிகள், தொடர்பாடல் கற்கைகள் துறை இருக்கிறது. களனி, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களிலும் இக்கல்வி உண்டு. இவற்றின் உள்வாரிப் பட்டப்படிப்புகள் இரண்டு வருடத்தில் முடிவன அல்ல. இசட் புள்ளியின்படி அனுமதி கிடைக்க வேண்டும். ஆனால் அனுமதி கிடைத்தால் கட்டணமின்றிக் கற்கலாம். அனுமதி கிடைத்திருக்கும் பிள்ளை, 'விரைவில் முடித்துவிடலாம்' என்ற ஆசையில் தனியார் நிறுவனம் ஒன்றின் இரண்டு வருடப் படிப்புக்குப் போவது விவேகமன்று.

2004ஆம் ஆண்டில் இலங்கைப் பத்திரிகை நிறுவகத்தின் கீழ் கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி ஆரம்பமாயிற்று. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் டிப்ளோமாப் பயிற்சி அளித்த இடம் என்பது அதன் சிறப்பு. இத்தகைய டிப்ளோமாக்களில், முன்னரே ஒரு பத்திரிகையில் பகுதி நேரமாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் மிகுந்த பயன் அடைகின்றனர்.

கடலுக்கு அப்பால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947ஆம் ஆண்டிலிருந்தே இதழியல் கற்பிக்கப்பட்டு வருகிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தொடர்பியல் துறை உண்டு. இயேசு சபையினர் 1925இல் தொடங்கிய சென்னை லொயோலாக் கல்லூரி காட்சி ஊடகக் கல்விக்குப் பெயர் பெற்றது. சென்னையிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரி, முதற் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு வருட முதுநிலை டிப்ளோமாவை ஆங்கிலத்தில் வழங்குகிறது. இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கெனப் புலமைப்பரிசில்கள் வழங்கி வருகிறது. கொழும்பிலுள்ள உயர்ஸ்தானிகராலயமும் யாழ்ப்பாணத்திலுள்ள துணைத் தூதரகமும் விடுக்கும் அறிவித்தல்களைக் கவனித்து, உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அங்கீகாரத்தைச் சோதிப்பது எப்படி?

தனியார் நிறுவனம் எதுவாயினும், பணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்.

முதலாவது: சான்றிதழில் கையொப்பமிடுவது யார்? வகுப்பு நடப்பது யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கலாம். சான்றிதழ் வேறு நாட்டிலிருந்து வரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் சொல்லப்பட்டால், அப்பெயர் உண்மையில் அங்கீகாரம் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்தானா என்பதை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரித்து அறியலாம். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைச் சற்று மாற்றி வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வோர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்றை அவ்வப்போது வெளியிடுகிறது.

இரண்டாவது: எந்தச் சட்டத்தின் கீழ் இந்நிறுவனம் இயங்குகிறது? இலங்கையில் அரசு சாராத நிறுவனம் ஒன்று தானே பட்டம் வழங்க வேண்டுமாயின், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி அமைச்சரால் வர்த்தமானியில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிறுவனமாயின், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கம்பனியாகப் பதிவு செய்த பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பது கல்வி அங்கீகாரம் ஆகாது. ஒரு கடைக்கும் அந்தப் பத்திரம் கிடைக்கும்.

மூன்றாவது: இதை முடித்தபின் அடுத்த படியில் ஏற்றுக்கொள்வது யார்? 'மூன்றாம் வருடத்திற்கு நேரே சேரலாம்' என்று சொன்னால், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்களே எழுதி விசாரியுங்கள். முகவர் சொல்லும் சொல்லைவிடப் பதிவாளரின் கடிதம் உறுதியானது. 'சரிபார்' என்பது செய்தியாளரின் முதற்பாடம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பிள்ளை அந்தப் பாடத்தைச் செய்து பழகட்டும்.

போய்ப் பாருங்கள்

நாசரேத்திலிருந்து நல்லது வருமோ என்று ஐயுற்ற நத்தனியேலுடன் பிலிப்பு வாதம் செய்யவில்லை. நேரே வந்து பார்க்கும்படி அழைத்தார். 2021ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கு இந்த அழைப்பையே பாப்பரசர் பிரான்சிஸ் கருப்பொருளாகத் தெரிந்தெடுத்து, செய்தியாளர் மக்களிடம் நேரில் செல்ல வேண்டும் என வலியுறுத்தினார். கல்லூரி தேடுவோருக்கும் அது பொருந்தும். ஒரு நாளைச் செலவழித்து, பஸ் ஏறி, அந்த இடத்துக்கே போங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்வருவனவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

மாணவர் பத்திரிகை உண்டா? அச்சிலாயினும் இணையத்திலாயினும், சென்ற வருடத்து இதழ்களைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அதிபரின் வாழ்த்துச் செய்தியும் விழாப் படங்களும் மட்டும் இருக்கின்றனவா, அல்லது மாணவர்கள் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் மீன்பிடித் துறைக்கும் போய் எழுதிய செய்திகள் இருக்கின்றனவா? ஆண்டு முழுவதும் ஒரே ஓர் இதழ், அதுவும் பரிசளிப்பு நாளில் என்றால், அங்கே எழுத்துப் பயிற்சி இல்லை என்று கொள்ளலாம்.

திருத்திய கொப்பி உண்டா? இரண்டாம் வருட மாணவர் ஒருவரிடம் தயவாகக் கேட்டு, ஆசிரியர் திருத்திக் கொடுத்த அவரது கட்டுரை ஒன்றைப் பாருங்கள். புள்ளி மட்டும் போட்டிருக்கிறதா, அல்லது 'இதை யார் சொன்னார்?', 'இந்தத் தொகை எங்கிருந்து?', 'மற்றவர் தரப்பு எங்கே?' என்று ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? அந்த ஓரக் குறிப்புகளுக்காகவே நீங்கள் கட்டணம் செலுத்துகிறீர்கள்.

கற்பிப்பவர் யார்? கையேட்டில் உள்ள பெயர்களில் எத்தனை பேர் உண்மையில் வகுப்புக்கு வருகின்றனர்? அவர்களுள் செய்தி அறையில் வேலை செய்தவர் எத்தனை பேர்? ஆய்வுப் பட்டம் பெற்றவரும் வேண்டும். அச்சுக்குப் போகும் நேரத்தின் நெருக்கடியை அறிந்தவரும் வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர் இருந்தால், எல்லாரது எழுத்தையும் வாரந்தோறும் திருத்த எந்த ஆசிரியராலும் இயலாது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில்? தமிழ்ப் பத்திரிகையில் எழுத விரும்பும் பிள்ளை தமிழில் எழுதித் திருத்தம் பெற வேண்டும். ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, தமிழில் ஒரு பந்திகூட எழுதாமல் வெளியேறுபவர் இரண்டு மொழியிலும் தடுமாறுவார். அதேவேளை, சிங்களம் தெரியாமல் இந்நாட்டில் முழுமையான செய்தியாளராக இருப்பது கடினம். அமைச்சின் சுற்றறிக்கையையும், பாராளுமன்ற உரையையும், அடுத்த கிராமத்துச் சிங்களத் தாயின் துயரத்தையும் நேரே விளங்கிக்கொள்ள அம்மொழி தேவை. தாய்மொழியில் எழுத்தையும், மற்ற இரண்டில் கேட்டு விளங்கும் ஆற்றலையும் தரும் பாடத்திட்டத்தைத் தேடுங்கள்.

சட்டமும் ஒழுக்கமும் கற்பிக்கப்படுகின்றனவா? 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளனவா என்று பாருங்கள். மானநட்டம், நீதிமன்ற அவமதிப்பு, சிறுவர் தொடர்பான செய்திகளில் பெயர் மறைத்தல் ஆகியவற்றை அறியாத இளைஞர் ஒருவர் ஒரே நாளில் தமக்கும் பிறருக்கும் பெருங்கேட்டை வருவிக்கக் கூடும். கணினி தானே எழுதித் தரும் செய்தியையும், பொய்யாக உருவாக்கிய படத்தையும் இனங்காணும் பயிற்சியும் இக்காலத்தில் இன்றியமையாதது.

செய்தி நிறுவனத்தில் பயிற்சி உண்டா? 'பயிற்சிக்கு அனுப்புவோம்' என்பது போதாது. எங்கே, எத்தனை வாரம், யாருடைய மேற்பார்வையில், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று கேளுங்கள். முன்னர் போய்வந்த மாணவரின் பெயரில் வெளியான செய்தி ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள்.

இறுதியாக, படித்து வெளியேறிய மூவரைத் தேடிப் பேசுங்கள். கல்லூரியே காட்டும் மூவரை விட்டு, நீங்களாகத் தேடிக் கண்டவர்களைக் கேளுங்கள். அவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள், மீண்டும் அதே இடத்தில் சேர்வார்களா என்ற இரண்டு கேள்விகள் போதும்.

பணத்தைப் பற்றி

இத்தொழிலில் பெருஞ் சம்பளம் இல்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிரதேச நிருபர் பலருக்கு, வெளியாகும் செய்திக்குத் தக்கதாகவே கொடுப்பனவு கிடைக்கிறது. ஆகவே காணியை ஈடு வைத்து, வேலைக்கு வந்த முதல் வருடத்தில் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போடுவது ஆபத்தானது. கல்லூரி கேட்கும் கட்டணத்தோடு, பதிவுப் பணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குரிய கட்டணம், விடுதி, சாப்பாடு, கணினி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு வருடக் கட்டணத்தையும் ஒரே தடவையில் செலுத்தினால் கழிவு தருவதாகச் சொன்னாலும் தவணை முறையிலேயே செலுத்துங்கள். இடையில் விலக நேர்ந்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள்மாரை அனுப்பும் பெற்றோர் தங்குமிடத்தையும் நேரில் பார்க்க வேண்டும். ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளைகளை இத்துறையிலிருந்து தடுத்துவிடாதீர்கள். காணாமற் போனோரின் தாய்மார், கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஆகியோர் ஓர் ஆண் நிருபரிடம் சொல்லத் தயங்குவதைப் பெண் நிருபரிடம் மனந்திறந்து சொல்வார்கள். அவர்கள் குரலைக் கேட்க ஆள் வேண்டும்.

சேருமுன் ஒரு சோதனை

பணம் கட்டுவதற்கு முன், பிள்ளைக்கு இத்துறையில் உண்மையான நாட்டம் உண்டா என்பதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். ஒரு மாத காலத்தில் மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லுங்கள். ஒன்று: ஊரிலுள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு அனுமதி பெற்றுப் போய், நடந்ததை 300 சொற்களில் எழுதி, பேசிய இருவரிடம் காட்டி, சொன்னது சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டு வரட்டும். இரண்டு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஊர் வீதி ஒன்றுக்குச் செலவான தொகையைக் கேட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பட்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை மீதான தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று: தனக்குப் பிடிக்காத கருத்துடைய ஒருவரைச் சந்தித்து, அவர் சொல்வதை அவரே ஏற்றுக்கொள்ளும்படி நேர்மையாக எழுதட்டும். இம்மூன்றையும் விருப்பத்தோடு செய்து முடிக்கும் பிள்ளைக்கு இதழியல் பொருந்தும். தொலைக்காட்சியில் முகம் தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தால், முதல் வேலையிலேயே சோர்ந்துவிடும். அதை இரண்டு வருடம் கழித்து அறிவதைவிட ஒரு மாதத்தில் அறிவது நல்லது.

திருச்சபையின் எதிர்பார்ப்பு

பத்திரிகைத் தொழிலை உலகக் காரியம் என்று திருச்சபை ஒதுக்கி வைக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஏட்டிலே, பொதுநிலையினரான செய்தியாளர்களுக்குத் தொழிற்பயிற்சியும் ஒழுக்கப் பயிற்சியும் அளிக்கும் கல்வி நிலையங்கள் பெருக வேண்டுமெனக் கேட்டது. வீடுகளின் கதவுகளுக்குக் கீழே துண்டுப் பிரசுரங்களைச் செருகிச் சத்தியத்தை அறிவித்த புனித பிரான்சிஸ் சலேசியாரை, 1923ஆம் ஆண்டில் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் கத்தோலிக்க எழுத்தாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். ஒல்லாந்து நாட்டுக் கார்மேல் சபைக் குரு தீத்தூஸ் பிரான்ஸ்மா, நாசிகளின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் அச்சிடக் கூடாது என்ற ஆயர்களின் பணிப்பை ஆசிரியர்களிடம் ஒவ்வொருவராக நேரில் எடுத்துச் சென்றார். அதற்காக 1942 ஜனவரியில் கைதாகி, அவ்வாண்டு ஜூலை 26ஆம் திகதி டாஹாவ் சிறை முகாமில் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் மண்ணில் தமிழ்ப் பத்திரிகைக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கியது 1841ஆம் ஆண்டில். எரிந்த அச்சகங்களையும் கொல்லப்பட்ட நிருபர்களையும் கடந்து அந்த வரலாறு இன்றும் தொடர்கிறது. அதைத் தொடர்ந்து எழுதப்போகும் கைகள் இன்று நம் பங்குகளில் உயர்தரம் முடித்துவிட்டு இருக்கின்றன. பொய்ச்சாட்சி சொல்லாதிருக்க நம்மைப் பணிக்கும் இறைகட்டளையைத் தொழிலாகவே ஏற்று நடக்கும் அழைத்தல் அவர்களுடையது.

பெற்றோரே, பணத்தை எண்ணுமுன் கேள்விகளை எண்ணுங்கள். இளைஞரே, கல்லூரியின் வாயிற் பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்காமல், உள்ளே மாணவரின் கொப்பியைத் திறந்து பாருங்கள். அதில் உண்மையைத் தேடும் ஆசிரியர் ஒருவரின் சிவப்பு மை தெரிந்தால், அங்கே சேருங்கள்.